பழைய ஊர் இருந்த இடம் வேறு
சென்னையின் ஜார்ஜ் டவுன் ஆரம்பத்திலிருந்தே இதே இடத்தில்தான் இருந்தது போலக் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லைங்க. இந்தியர்கள் குடியிருந்ததால் ஆங்கிலேயர் கருப்பர் நகரம் என்று அழைத்த அந்தப் பழைய ஊர் இப்போது உயர் நீதிமன்றம் நிற்கிற இடத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டைச் சுவரை ஒட்டி இருந்தது. 1746-ல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம் இடித்தார்கள், அப்புறம் திரும்பி வந்த ஆங்கிலேயர், எதிரி ஒளிய மறைப்பு இருக்கக் கூடாதென்று மீதியையும் இடித்து மைதானமாக்க, சனங்கள் வடக்கே முத்தியால்பேட்டை, பெத்தநாயக்கன்பேட்டைப் பக்கம் குடியேறினார்கள். ஜார்ஜ் என்ற பெயரே 1911-ல் இங்கிலாந்து ராஜா ஐந்தாம் ஜார்ஜுக்காக வைத்ததுதான். நடக்க முடியாத நெரிசல் என்று எழுதியது மட்டும் நூற்றுக்கு நூறு சரி, வார நாளில் லோடு வண்டிக்கு ஒதுங்கவே நேரம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள், ஆண்டர்சன் தெருவில் பேப்பர் கடைகள் மூடியிருக்கும்போதுதான் மேல்மாடிகளே கண்ணில் படும். சாயங்காலம் வரை இருந்தால் பர்மா பஜார் பக்கம் ஒரு பிளேட் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடாமல் வராதீர்கள்.