தேனுவோடு வம்சம் நிற்கட்டும்

எங்கள் வீட்டு லேப்ரடார் தேனுவுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்யப் போகிறோம் என்று சொன்ன நாளிலிருந்து சொந்தபந்தங்களிடமிருந்தும் தெருக்காரர்களிடமிருந்தும் ஒரே கேள்விதான் வருகிறது: ராணி, ராணியின் மகள் மீனு, மீனுவின் மகள் தேனு என்று மூன்று தலைமுறையாக ஒரே வீட்டில் தொடர்ந்து வந்த வம்சத்தை இப்படி அறுத்துவிடலாமா? கேட்பவர்கள் எல்லோரும் அன்பினால் கேட்கிறார்கள் என்பது தெரியும். மதுரையில் எங்கள் தெருவில் பாதிப் பிள்ளைகள் ராணியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நடை பழகியவர்கள். ஆனாலும் இந்த முடிவில் எனக்குச் சிறிதும் தயக்கம் இல்லை. காரணத்தை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

தேனு படுத்திருந்து எழும்போது பின்னங்கால்கள் இரண்டையும் முயல் தாவுவதுபோல் சேர்த்து வைத்து எழுவதைக் கண்டு, மயக்க ஊசி போட்டு இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார் கால்நடை மருத்துவர். இடப்பக்க மூட்டின் கிண்ணம் போதிய ஆழமில்லாமல் இருந்தது. தொடையெலும்பின் பந்துமுனை அதற்குள் முழுதாக அமராமல் விளிம்பில் உரசிக்கொண்டிருப்பதை, படத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து அவர் காட்டினார். லேப்ரடார்களில் அடிக்கடி காணப்படும் குறை இது. ஒரே ஒரு மரபணுவால் வருவதன்று. பல மரபணுக்கள் சேர்ந்து வழிவிட, குட்டிப் பருவத்தில் ஏறும் கூடுதல் எடையும் வழுக்கும் தரையும் அதை வளர்த்துவிடுகின்றன. ராணியும் மீனுவும் நொண்டியதே இல்லையே என்கிறார்கள். நொண்டாத நாயும் தன் குட்டிகளுக்கு இந்தக் குறையைக் கடத்த முடியும் என்பதுதான் இதிலுள்ள சங்கடம். தாய் தகப்பன் இரண்டுக்கும் எக்ஸ்ரேயில் நல்ல இடுப்பு என்று பார்த்துச் சேர்த்தாலே குட்டிகளுக்கு வரும் ஆபத்து குறையுமே தவிர முற்றிலும் நீங்குவதில்லை எனும்போது, குறை கண்கூடாகத் தெரிந்த ஒருத்தியை வம்சத்தின் பெயரால் ஈன வைப்பதை நான் அன்பு என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதனால் தலைமுறையாக வளர்ப்பதே வீண் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நாயை மட்டும் வளர்ப்பவருக்குக் கிடைக்காத ஓர் அறிவு, தாயையும் மகளையும் பேத்தியையும் அடுத்தடுத்துப் பார்க்கும் குடும்பத்துக்குக் கிடைக்கிறது. எது ரத்தத்தில் வருகிறது, எது வீட்டில் வருகிறது என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு அது. வாயில் எதையாவது கவ்விக்கொண்டு வந்து வரவேற்பது மூவருக்கும் பொது, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா வேலை முடிந்து வந்தால் தேனு செருப்பு, துண்டு, கரண்டி என்று கைக்கு, அதாவது வாய்க்கு, அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுகிறாள். ஒருமுறை அடுப்படியிலிருந்து முட்டையொன்றைக் கவ்வி வந்து, ஓடு விரியாமல் அவர் உள்ளங்கையில் வைத்தாள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களை 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், சுடப்பட்ட பறவையைச் சேதமில்லாமல் எடுத்து வருவதற்கென்றே தேர்ந்து தேர்ந்து பெருக்கிய இனம் இது. 1903இல் அங்குள்ள கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. எண்ணெய்ப் பசையுள்ள இரட்டை ரோமமும் விரல்களுக்கு நடுவே உள்ள சவ்வும் குளிர்ந்த நீரில் நீந்துவதற்காக வந்தவை. வைகையில் அழகர் இறங்கும் சமயத்தில் அணை திறந்தால்தான் தண்ணீரைப் பார்க்கலாம் என்ற நிலையில், எங்கள் பெண்கள் மாடு குடிக்கும் சிமெண்டுத் தொட்டியில் இறங்கி உட்கார்ந்து அந்தப் பரம்பரைக் கடனைத் தீர்த்துக்கொள்கிறார்கள். சித்திரை வைகாசியில் காலை ஆறு மணிக்குப் பிறகு அவர்களை நடக்க அழைத்துப் போவதில்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீனு கறுப்பு, இணை சேர்த்த ஆணும் கறுப்பு. பிறந்த குட்டிகளில் தேனு உட்படச் சில மஞ்சள். எங்கோ தெருநாய் புகுந்துவிட்டது என்று எதிர்வீட்டுப் பெரியவர் முடிவே கட்டிவிட்டார். மஞ்சள் நிறத்துக்கான மரபணு, கறுப்பு நாய்களுக்குள் வெளியே தெரியாமல் ஒளிந்திருக்கும். தாய் தகப்பன் இரண்டிடமும் அது இருந்து, குட்டிக்கு இரு பக்கமிருந்தும் வந்து சேர்ந்தால் குட்டி மஞ்சளாகப் பிறக்கும். மீனுவின் கற்பு குறித்த அந்த வழக்கு அத்துடன் தள்ளுபடியானது.

ரத்தத்தில் வரும் இன்னொன்று பசி. இதைத்தான் நம் வீடுகள் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாரிடம், வயிறு நிறைந்ததை மூளைக்கு உணர்த்தும் வேலையில் பங்குள்ள மரபணு ஒன்று சற்றே சிதைந்திருக்கிறது. அத்தகைய நாய்கள் உணவுக்காக அதிகம் கெஞ்சுகின்றன, எடையும் கூடுகின்றன. அப்பத்தாவிடம் இதை எப்படி விளக்குவது? ‘வாயில்லா ஜீவன், பாவம், பசிக்குதுன்னு பார்க்குது’ என்று தன் தட்டிலிருந்து தயிர்ச் சோற்றை உருட்டிப் போட்டவர் அவர். மூன்று தலைமுறைகளும் அவர் காலடியில் அதே இடத்தில், அதே கோணத்தில் தலையைச் சாய்த்து உட்கார்ந்தன என்பதைக் காட்டிய பிறகுதான், அது பசியன்று, பிறவிக் குணம் என்று ஒப்புக்கொண்டார். இன்று தேனுவின் சாப்பாடு தராசில் நிறுத்து வைக்கப்படுகிறது. அப்பத்தா கொடுப்பது வெள்ளரித் துண்டு மட்டும்; அதையும் தேனு அதிரசம் கிடைத்ததுபோல வாங்கிக்கொள்கிறாள்.

எடையைப் பற்றி நான் கறாராக இருப்பதற்கு ஆதாரம் உண்டு. நெஸ்லே பியூரினா நிறுவனத்தில் 48 லேப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வொரு இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவளித்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். 2002இல் வெளிவந்த அதன் முடிவில், குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மெலிந்த நாய்களுக்கு மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. தேனுவின் இடுப்புக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. விலா எலும்புகள் கையால் தடவினால் தெரிய வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும் என்பதே கணக்கு. ‘ஏன் இப்படி வத்திப்போச்சு, சோறு போடுறதில்லையா’ என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

ரத்தத்தில் வராததையும் சொல்ல வேண்டும். ராணிக்கு வெடிச் சத்தம் ஆகாது. தீபாவளி என்றால் குளியலறையில் வாளிக்குப் பின்னால் பதுங்கிவிடுவாள். குட்டியாக அவளோடு முதல் தீபாவளியைக் கழித்த மீனுவும் அதே வாளிக்குப் பின்னால் போகப் பழகினாள். தேனுவை அந்தப் பருவத்தில் அப்பத்தாவின் ஊருக்கு அழைத்துப் போய்விட்டோம். அங்கே தூரத்து வெடிச் சத்தத்தைக் கேட்டபடியே தீனி தின்று வளர்ந்தவள், இன்று சரவெடிக்குக் காதை ஆட்டிவிட்டுத் தூங்குகிறாள். இவள் ராணியின் பேத்தி. ராணியிடமிருந்து சராசரியாகக் கால் பங்குதான் இவளுக்கு வந்திருக்கும். ‘ராணியே திரும்பி வந்த மாதிரி ஒரு குட்டி வேண்டும்’ என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: நீங்கள் கேட்பது குட்டியை அன்று, ராணியை. வரப்போகும் குட்டி, பாவம், தான் யாராக இருக்கிறோமோ அதற்காக அல்லாமல் யாராக இல்லையோ அதற்காக வாழ்நாளெல்லாம் அளக்கப்படும்.

மேலும், ஓர் ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகள் பிறப்பது லேப்ரடார்களில் சாதாரணம். ஒன்றை நாம் வைத்துக்கொள்கிறோம், மற்றவை? எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, பதிவு செய்யாமல் நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. விதி ஏட்டில் இருக்கிறது. கண் திறந்து சில நாளே ஆன குட்டிகள் அட்டைப் பெட்டியில் கைமாறுவதும் நடக்கிறது. மீனுவின் குட்டிகளை வாங்கிச் சென்றவர்களை நான் இன்றும் தொலைபேசியில் விசாரிக்கிறேன். அவற்றில் ஒன்று வீடு மாறும்போது கைவிடப்பட்டு, வேறொரு குடும்பத்திடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. சாந்தமான இனம், குழந்தைகளோடு ஒத்துப்போகும் என்ற பெயரே இதற்கு எதிரியாகிவிட்டது; முப்பது கிலோ வளரும், ஒன்றிரண்டு வயதுவரை வீட்டையே புரட்டிப்போடும், வருடம் முழுதும் ரோமம் கொட்டும் என்பதெல்லாம் பெட்டியில் தூங்கும் குட்டியைப் பார்க்கும்போது நினைவுக்கு வருவதில்லை.

ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, வெள்ளைக்காரன் நாய் எதற்கு என்று கேட்கும் நண்பர்களுக்கு: நம் வெயிலுக்கு அவை பொருத்தமானவை என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் ஓடுவதற்கென்று பிறந்த வேட்டை நாயை எங்கள் பத்தடி முற்றத்தில் கட்டிப்போடுவதும் நியாயமாகாது.

அறுவை சிகிச்சை அடுத்த மாதம். எலும்பு வளர்ச்சி முடியும்வரை பொறுக்கச் சொன்ன மருத்துவர் இப்போது சரி என்கிறார். கருத்தடை செய்யாத பெட்டை நாய்களுக்கு வயதான காலத்தில் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் உண்டு, அதுவும் இதனால் நீங்கும். மீனுவுக்கு முகவாய் நரைத்துவிட்டது. மகளோடு தொட்டியில் இடத்துக்குச் சண்டை போடுமளவுக்குத் தெம்பு இருக்கிறது. இவர்களுக்குப் பிறகும் எங்கள் வீட்டில் லேப்ரடார் இருக்கும். ஈன்று ஓய்ந்தபின் வளர்ப்புக் கூடங்களிலிருந்து வெளியேற்றப்படும் நடுவயதுப் பெட்டைகளைக் காப்பகங்களில் பார்க்கிறேன். அவற்றில் ஒன்றை அழைத்து வருவதென்று அப்பாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம். அப்பத்தாவின் கேள்வி ஒன்றுதான் பாக்கி: அந்த நாய்க்கும் வெள்ளரிக்காய்தானா என்று.