மீறப்படாத ஒப்பந்தமாம்!

டெக்சாஸில் இருக்கிற ஃபிரெட்ரிக்ஸ்பர்க் ஊரைப் பற்றிய அந்த ரீலை ஆளாளுக்கு எனக்கு அனுப்பியாச்சு. பார்த்துட்டேன், போதும். ஜெர்மானியக் குடியேறிகளும் கொமாஞ்சி என்ற அமெரிக்கப் பூர்வகுடிகளும் 1847-இல் செய்த ஒப்பந்தத்துக்கு அங்கே வைத்திருக்கிற சிலை, புல்லாங்குழல் பின்னணியில் அதைச் சுற்றி ஒரு ரவுண்டு, "அமெரிக்க வரலாற்றில் மீறப்படாத ஒரே ஒப்பந்தம், அன்பு இருந்தா எதுவும் முடியும் நண்பர்களே" என்று ஒரு உபதேசம். அதைக்கூட விட்டுவிடலாம். கீழே ஒருத்தர் "அந்தக் கொமாஞ்சிகள் இப்போ எங்கே?" என்று கேட்டார். வந்த பதில்: "டூர் போற இடத்துலயும் அரசியலா ப்ரோ?" அதற்குக் குவிகிற ஹார்ட்டைப் பார்த்துத்தான் இந்தப் பதிவு.

சிலை பொய் சொல்லவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் "இவனுக்கு எல்லாமே குத்தம்" என்று கிளம்பிவிடுவீர்கள். டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியர்களின் தலைவர் ஜான் மொய்செபாக், 1847 ஜனவரியில் சுமார் நாற்பது பேரோடு கொமாஞ்சி நாட்டுக்குள் போனார். யாரும் போகத் துணியாத இடம். நில அளவைக்காரர்களே மாட்டேன் என்றிருந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் சான் சபா ஆற்றங்கரையில் பஃபலோ ஹம்ப், சாண்டா அன்னா, ஓல்டு அவுல் என்ற பெனாடெக்கா (கொமாஞ்சிகளில் ஒரு பிரிவு) தலைவர்களோடு பேச்சு. அவர்கள் கண்ணெதிரே மொய்செபாக் தன் ஆட்களின் துப்பாக்கிகளை வானத்தை நோக்கிச் சுட்டுக் காலி செய்ய வைத்தார் என்பார்கள். அந்தக் காலத் துப்பாக்கியை மறுபடி மருந்திட்டுக் கெட்டிக்க நேரமாகும். கொமாஞ்சிகள் நினைத்திருந்தால் அந்த இடைவெளியில் மொத்தப் பேரையும் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. மே 9-ஆம் தேதி ஃபிரெட்ரிக்ஸ்பர்கில் கையெழுத்தானது.

இதில் யாருடைய நம்பிக்கை பெரியது? ஏழு வருஷத்துக்கு முன்னால், 1840 மார்ச்சில், சான் அன்டோனியோவுக்குப் பேச்சுவார்த்தைக்கு என்று வந்த கொமாஞ்சித் தலைவர்களை டெக்சாஸ்காரர்கள் பேச்சு நடந்த கவுன்சில் ஹவுஸ் கட்டடத்திலேயே கொன்றார்கள். அது தெரிந்த மனிதர்கள்தான் 1847-இல் மறுபடி உட்கார்ந்தார்கள். ரீலில் இது வராது. இதற்குப் புல்லாங்குழல் செட் ஆகாது பாருங்கள்.

மொய்செபாக் வெறும் அன்பைத் தேடிப் போகவில்லை. ஃபிஷர்-மில்லர் நில மானியம் என்று 30 லட்சம் ஏக்கருக்கு மேல் காகிதத்தில் கையிலிருந்தது. அதை எழுதிக் கொடுத்தது, அப்போது தனி நாடாக இருந்த டெக்சாஸ் குடியரசு. கொமாஞ்சிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குறித்த காலத்துக்குள் அளக்கத் தொடங்காவிட்டால் மானியம் கைவிட்டுப் போகும். ஜெர்மனியிலிருந்து வந்த ஜனங்களோ கடற்கரையில் வண்டி கிடைக்காமல் நோயில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஒப்பந்தப்படி ஜெர்மானியர் அங்கே அளக்கலாம், குடியேறலாம். கொமாஞ்சிகள் ஊருக்குள் வந்து போகலாம். தப்பு நடந்தால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். கொமாஞ்சிகளுக்குக் கிடைப்பது குறைந்தது 1,000 டாலர்.

சரி, "மீறப்படவில்லை." அப்புறம்?

1849-இல் காலரா. சாண்டா அன்னா போனார், ஓல்டு அவுல் போனார், கூடவே பெனாடெக்காக்களில் எத்தனையோ பேர். மிஞ்சியவர்களில் சில நூறு பேருக்கு 1855 வாக்கில் பிரேசோஸ் ஆற்றின் கிளியர் ஃபோர்க் கிளை பக்கம் ஒரு ஒதுக்கிடம் (ரிசர்வேஷன்): 18,576 ஏக்கர். மேலே உள்ள 30 லட்சத்தை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். அதுவும் பொறுக்கவில்லை. 1859-இல் டெக்சாஸை விட்டே துரத்தி இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். வழித்துணையாகப் போய் விட்டுவிட்டு வந்தவர் ராபர்ட் நெய்பர்ஸ். 1847 பேச்சிலும் இதே நெய்பர்ஸ் அரசுத் தரப்பில் இருந்தவர். திரும்பி வந்தவரை ஃபோர்ட் பெல்க்நாப்பில் ஒரு டெக்சாஸ்காரன் முதுகில் சுட்டுக் கொன்றான். கையெழுத்துப் போட்ட ஜெர்மானியர்கள் மீறவில்லை, வாஸ்தவம். ஒப்பந்தத்தின் மறுதரப்பையே மாநிலத்தைவிட்டு அப்புறப்படுத்திவிட்டால் மீறுவதற்கு யார் பாக்கி?

"கொமாஞ்சிகள் மட்டும் யோக்கியமா, கொள்ளையடிக்கவில்லையா?" அடித்தார்கள். 1840 ஆகஸ்டில் லின்வில் ஊரையே எரித்தார்கள், பஃபலோ ஹம்ப் தலைமையில். நான் எங்கே மறுத்தேன்? "1870-இல் ஹெர்மன் லேமன் என்ற ஜெர்மன் பையனைத் தூக்கிப் போனார்களே?" தூக்கியது அபாச்சிகள் சார், அது வேறு பூர்வகுடி. அந்தப் பையன் பிறகு கொமாஞ்சிகளிடம்தான் அடைக்கலம் போனான். இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மலைநாட்டு ஜெர்மானியர்களை 1862 ஆகஸ்டில் நுயேசஸ் ஆற்றோரம், காயம்பட்டவர்களைக்கூட விடாமல் கொன்றது அமெரிக்க உள்நாட்டுப் போரின் தென்தரப்பான கான்ஃபெடரேட் படை. கொமாஞ்சி இல்லை.

ஆஸ்டினிலிருந்து சனிக்கிழமை கிளம்பும் நம் ஜனத்தின் ரூட்டு எனக்குத் தெரியாதா? 290-ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 80 மைல், வழியில் பீச் பழம், ஒரு ஒயின் கடை, மெயின் தெருவில் பார்க்கிங்குக்கு அலைச்சல். (பக்கத்துத் தெருக்களில் போடுங்கள்.) மார்க்ட்பிளாட்ஸ் என்ற ஊர்ச் சதுக்கத்தில் எண்கோணக் கட்டடம் முன்னால் ஒரு போட்டோ. அது பழைய சர்ச் இல்லை, 1847-இல் கட்டியதை இடித்த பிறகு 1930-களில் எழுப்பிய நகல். அப்புறம் சமாதானச் சுங்கானோடு இருக்கிற வெண்கலச் சிலையில் ஒரு செல்ஃபி, முடிந்தது. நிஜ ஒப்பந்தக் காகிதம் ஆஸ்டினில், டெக்சாஸ் மாநில நூலகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பக்கத்தில்!

செல்ஃபி எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டு நாள் பேச்சு நிஜமாகவே அபூர்வம், நின்று பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் கொமாஞ்சி தேசத்தின் தலைமையகம் இன்று ஓக்லஹோமாவில் லாட்டன் பக்கம் இருக்கிறது. டெக்சாஸில் ஏன் இல்லை என்று ஒருத்தர் கேட்டால் அவரை "நெகட்டிவ் ஆளு" என்று பிளாக் பண்ணுகிறீர்களே, அதுதான் வலிக்கிறது. நேற்று என்னையும் பண்ணியாச்சு. ரொம்ப சந்தோஷம்.