அவனையும் அழ விடுங்கள்

"நீ ஆண்பிள்ளை, நீயே உடைந்துபோனால் அம்மாவை யாரப்பா தேற்றுவது?" துக்க வீட்டில் இப்படிக் கேட்கும் பெரியவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தகப்பனைப் பறிகொடுத்து நிற்பவனிடம் கேட்கிற கேள்வியா இது?

அப்பா இறந்த அன்று வீட்டுக்குள் பெண்கள் எங்களைக் கட்டிப்பிடித்து, தலையோடு தலை சேர்த்து அழுதார்கள். தொண்டை கட்டும்வரை அழுதேன், ஒருவரும் தடுக்கவில்லை. தம்பி வாசல் பந்தலில் நின்றான். வந்த ஆண்கள் கையை நீட்டினார்கள், தொட்டுவிட்டு நாற்காலி தேடிப் போனார்கள். மற்றபடி அவனிடம் கேட்டதெல்லாம் ஐஸ் பெட்டிக்கு முன்பணம் கொடுத்தாயிற்றா, வண்டி சொல்லியாயிற்றா, எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்பதுதான்.

கொள்ளி வைத்துத் திரும்பியவுடனே திருப்பூரிலிருந்து, தம்பி வேலை பார்க்கும் தையல் கம்பெனி சூப்பர்வைசரின் போன். ஷிப்மென்ட் நெருங்குகிறதாம், திங்கட்கிழமை வந்துவிட வேண்டுமாம். தைத்த துணிக்கு மட்டும் கூலி தரும் பீஸ் ரேட் வேலை, போகாத நாளுக்குக் கூலி இல்லை. காரியத்துக்கு வாங்கிய கடனோ வட்டியோடு நிற்கிறது. மழித்த தலையோடு போய் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தான்.

இப்போது சொந்தபந்தம் முழுக்க ஒரே புகார்: முகம் கொடுத்துப் பேசுவதில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான், குடிக்கிறான். ஏன் குடிக்க மாட்டான்? வாயை அடைத்தது நீங்கள்தானே! வாய்விட்டு அழுதால் கோழை, குடித்துவிட்டு அழுதால் மட்டும் "பாவம், போதையில் புலம்புகிறான்" என்று விட்டுவிடுகிறீர்கள்.

பெண்களுக்கு வாழ்க்கை லேசு என்று யாரும் இதை வைத்துக் கிளம்ப வேண்டாம். அம்மா படும் பாட்டைத் தினமும் பார்க்கிறேன்.

2022ஆம் ஆண்டில் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள். மொத்தத்தில் நாலில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். கடன், குடி, குடும்பச் சண்டை என்று காரணம் எழுதிக் கோப்பை மூடிவிடுகிறார்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். தம்பியிடம் சொன்னேன். "எனக்கென்ன அக்கா, நான் நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றான். இதைச் சொல்லத்தானே சிறு வயது முதல் பழக்கினோம்!

துக்கம் கேட்கப் போகும் மாமாக்களே, சித்தப்பாக்களே, ஐஸ் பெட்டி வாடகையையும் வண்டிக் கணக்கையும் அந்த ஒரு நாளாவது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். கையை நீட்டிவிட்டு நகராமல் அவனைக் கட்டிப்பிடியுங்கள். அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே இருங்கள்.