பின்னால் பிறந்தவனுக்காக முன்னால் பிறந்தவள் ஏன் குறைத்துக்கொள்ள வேண்டும்?

அத்தை மகளுக்குத் துணையாக மூன்றாவது முறை குடும்ப நீதிமன்றம் போய்வந்தேன். "என் கட்சிக்காரருக்கு மறுமணமாகிவிட்டது, கைக்குழந்தை இருக்கிறது, ஜீவனாம்சத்தைக் குறைக்க வேண்டும்" என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். வெள்ளத்தில் வீடு போன செய்தியைச் சொல்லும் குரல். பிள்ளை பிறப்பது இயற்கைச் சீற்றமா என்ன?

இந்த வாதத்துக்கு முன்னுதாரணம் இருப்பதுதான் சங்கடம். 2017-இல் கல்யாண் தே சௌத்ரி வழக்கில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமான ஜீவனாம்சம் என்றது உச்ச நீதிமன்றம். அதே தீர்ப்பில், அவர் மறுமணம் செய்து ஒரு குழந்தையும் இருப்பதைக் காட்டி, முதல் மனைவிக்கும் மகனுக்கும் சேர்த்து இருந்த 23,000 ரூபாயை 20,000 ஆக்கியது. அவர் சம்பளமோ 95,000-க்குச் சற்று மேல். ஏன் 3,000? ஏன் 1,000 இல்லை, 6,000 இல்லை? நம் சட்டத்தில் சூத்திரம் கிடையாது.

பிரிட்டனில் உண்டு. வாரம் 500 பவுண்டு சம்பாதிப்பவர், பிரிந்து வாழும் ஒரு குழந்தைக்கு 12 சதவீதம், அதாவது 60 பவுண்டு தர வேண்டும். அவருடைய இப்போதைய வீட்டில் இன்னொரு குழந்தை இருந்தால், முதலில் வருமானத்தில் 11 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் அந்த 12-ஐப் போடுவார்கள். கிடைப்பது 53 பவுண்டு 40 பென்ஸ். அங்கும் மூத்த பிள்ளைக்குக் குறைகிறதுதான்; ஆனால் எவ்வளவு என்பதை ஒரு தாய் வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

இங்கேயும் ஒரு வழி இருந்தது. 2004-இல் அனுரிதா வோரா வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், குடும்ப வருமானத்தை கேக் போல வெட்டச் சொன்னது: சம்பாதிக்கும் கணவருக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒன்று. அந்த 95,000-ஐ இப்படி வெட்டிப் பார்த்தேன். இரண்டு மனைவியருக்கும் வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொண்டால் ஆறு பங்கு. முதல் மனைவிக்கும் மகனுக்கும் 31,000-க்கு மேல் வருகிறது. இளைய தாரத்தையும் அவள் பிள்ளையையும் பந்தியில் உட்கார வைத்த பிறகும்!

அந்தக் கைக்குழந்தை மீது எனக்குக் கோபமில்லை. மண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் ஜீவனாம்சம் உண்டு என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவும் சொன்னது, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவும் சொல்கிறது. பிள்ளைகளில் உசத்தி தாழ்த்தி இல்லை. குறைக்கத்தான் வேண்டுமென்றால் தகப்பனின் இரட்டைப் பங்கில் முதலில் கை வையுங்கள்.

2020-இல் ரஜ்னேஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, ஜீவனாம்ச வழக்குகளில் இருதரப்பும் சொத்து, வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். தம்மைச் சார்ந்திருப்போர் யார் என்றும் அதில் எழுத வேண்டும். அத்தை மகளின் முன்னாள் கணவர் தாக்கல் செய்ததை நேற்று வாசித்தேன். புது மனைவி, கைக்குழந்தை, தாயார் என்று மூன்று பெயர்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் மூத்த மகளின் பெயர் அதில் இல்லை.