படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?

போன வாரம் அம்பாசமுத்திரத்தில் ஒரு மறுவீட்டுச் சாப்பாடு. சொதியும் இஞ்சிப் பச்சடியும் இலைக்கு வந்த நேரம் பார்த்துப் பெரியப்பா ஆரம்பித்தார். அவர் தெருவில் ஒரு பையன் ஜெர்மனியில் படிக்கிறானாம். "வீட்ட அடமானம் வச்சு லோன் போட்டு அனுப்பியிருக்கான் அப்பங்காரன். இவன் என்னடான்னா ஒரு வாரம் பிராக்ங்கான், ஒரு வாரம் ஆம்ஸ்டர்டாம்ங்கான். எல்லாம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வருது. படிக்கப் போனானா, ஊர் சுத்தப் போனானா?" அதோடு விட்டாரா, என் பக்கம் திரும்பி, "நீயும் அப்படித்தானட்டி சுத்துன?" என்றார்.

சுத்தினேன்தான். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ என்ற ஊரில் ரெண்டு வருஷம் படித்தேன், முடிந்த சனி ஞாயிறெல்லாம் சுத்தவும் செய்தேன். பந்தியில் வைத்து முழுசாகச் சொல்ல முடியவில்லை, அதனால் இங்கே.

முதலில் காசுக் கணக்கு, ஏனென்றால் எல்லாருக்கும் வயிற்றெரிச்சல் அங்கேதான். நான் 2023 அக்டோபரில் போனபோது விசாவுக்காக முடக்கிவைக்க வேண்டிய பணம் 11,208 யூரோ. அதை மாதம் 934 யூரோவாக விடுவார்கள். இப்போது அது 11,904, மாதத்துக்கு 992. வாடகை, மருத்துவக் காப்பீடு, அரிசி பருப்பு போனால் கையில் நிற்பது கொஞ்சம்தான். இதில் வாராவாரம் விமானம் ஏற முடியாது, நம்புங்கள். ஊர் சுற்ற வைப்பது ஜெர்மன்காரன் போட்ட டிக்கெட். 2023 மே மாதம், மாதத்துக்கு 49 யூரோ என்று தொடங்கினார்கள், இப்போது 63. அதிவேக ரயில் தவிர, நாடு முழுக்க உள்ளூர் ரயில், ட்ராம், பஸ் எல்லாம் அதில் அடக்கம். வகுப்புக்குப் போகவர எப்படியும் அதை வாங்கியாகிவிட்டது, சனிக்கிழமை அதைப் பையில் பூட்டி வைப்பதில் என்ன சிக்கனம் வாழ்கிறது?

இன்னொன்று, அங்கே ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. நவம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பத்துக்குப் பத்து அறை, பக்கத்து அறையில் யார் என்றே தெரியாது. என்னோடு படித்த ஒருத்தி முதல் செமஸ்டர் முழுக்க எங்கேயும் போகாமல் மிச்சம் பிடித்தாள், பிப்ரவரியில் அவள் அம்மாவிடம் போனில் பேசுவதையும் நிறுத்திவிட்டாள். எனக்கு அந்தப் பிள்ளையை நினைத்துத்தான் பயமாக இருந்தது, ஆம்ஸ்டர்டாம் போன பையனை நினைத்து இல்லை.

சரி, இப்போது பெரியப்பா பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் நானும் கிறுக்குத்தனமாக ஒரு தடவை சுற்றியிருக்கிறேன். நாலு பேர், வெள்ளி ராத்திரி பஸ், சனிக்கிழமை பிரஸ்ஸல்ஸ், ஞாயிறு ஆம்ஸ்டர்டாம், அன்று ராத்திரியே திரும்பவும் பஸ், திங்கள் காலை எட்டு மணி வகுப்பில் வாயைப் பிளந்து தூக்கம். பிரஸ்ஸல்ஸில் என்ன பார்த்தாய் என்றால், சிறுநீர் கழிக்கிற அந்தப் பையன் சிலை, ரெண்டடிகூட இருக்காது, அதைச் சுற்றி நின்ற கூட்டத்தின் முதுகைத்தான் அதிகம் பார்த்தேன். ஆம்ஸ்டர்டாமில் போனுக்கு சார்ஜ் ஏற்ற இடம் தேடினோம். கழிப்பறைக்கு ஒரு யூரோ. எல்லாம் சேர்த்து எனக்கு 140 யூரோ, அன்றைய கணக்கில் பன்னிரண்டாயிரத்துக்கு மேலே. ஸ்டேட்டஸ் என்னவோ அட்டகாசமாக வந்தது.

இதுபோல ஏமாறுகிற வழி நிறைய உண்டு. மலிவு விமானத்தில் பாரிஸ் என்று போட்டிருப்பான், இறங்கினால் பொவே என்ற ஊர், பாரிசுக்கு இன்னும் 80 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டும். நெல்லைக்கு டிக்கெட் எடுத்தவனைக் கன்னியாகுமரியில் இறக்கிவிட்ட கதை. மதுரைப் பையன் ஒருவன் லண்டனுக்கு டிக்கெட் போட்டுவிட்டு அப்புறம்தான் தெரிந்துகொண்டான், ஜெர்மனி தந்த குடியிருப்பு அட்டை பொது விசா வைத்திருக்கிற மற்ற ஐரோப்பிய (ஷெங்கன்) நாடுகளுக்குள்தான் செல்லும், அதுவும் 180 நாளில் 90 நாள் வரை, லண்டனுக்குத் தனி விசா. போன காசு போனதுதான். ஒரு நல்ல விஷயமும் சொல்லிவிடுகிறேன்: ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குடியிருக்கிற 26 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் இலவசம், நாம் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. எனக்கு அப்போது 24. அட்டையைக் காட்டி உள்ளே போனேன், கூட வந்த 27 வயது அண்ணன் 22 யூரோ கொடுத்தார்.

எனக்குப் பிடித்த பயணம் பிரான்ஸ் எல்லையோரம் இருக்கிற ஸ்ட்ராஸ்பர்க். ஏழு தடவை போயிருப்பேன். கார்ல்ஸ்ரூவில் ஏறி, நடுவில் வண்டி மாறி, கேல் என்ற எல்லை ஊரில் இறங்கினால் வாசலில் ட்ராம். அது ரைன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் பிரான்ஸ். நெல்லை ஜங்ஷனில் பஸ் ஏறித் தாமிரபரணியைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போகிற மாதிரிதான். 2017இல்தான் அந்த ட்ராம் பாதை ஆற்றைத் தாண்டி கேல் வரைக்கும் வந்தது. ஆனால் பாஸ்போர்ட்டை மறக்காதீர்கள். 2024 செப்டம்பருக்கு அப்புறம் ஜெர்மனி எல்லா எல்லையிலும் சோதனை போடுகிறது. ஒரு ஞாயிறு சாயங்காலம் திரும்பி வரும்போது போலீஸ்காரர் கேட்க, என்னிடம் அட்டை மட்டும் இருந்தது, பாஸ்போர்ட் அறையில். கால் மணி நேரம் வியர்த்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், எச்சரித்து விட்டார்.

ஸ்ட்ராஸ்பர்க் பேராலயத்துக்குள் ஒரு வானியல் கடிகாரம் இருக்கிறது. மதியம் பன்னிரண்டரைக்கு அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக வரும், மேலே ஒரு சேவல் இறக்கையை அடித்து மூன்று முறை கூவும். இப்போது இருக்கிற அந்தக் கடிகாரத்தை 1840ஐ ஒட்டித்தான் செய்திருக்கிறார்கள். நெல்லையில் தாமிரபரணி மேல் நம்ம சுலோசன முதலியார் பாலத்தைக் கட்டிக்கொண்டிருந்த அதே வருஷங்கள்! இதை நான் அங்கே நின்று கண்டுபிடித்தபோது சொல்வதற்குப் பக்கத்தில் ஒரு நெல்லைக்காரரும் இல்லை.

ரைன் ஆற்றின் ரெண்டு கரைக்கும் சேர்த்து ஒரு பூங்கா, நடுவே நடைபாலம். அதில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுவேன், அம்மா கொடுத்துவிட்ட புளிக்காய்ச்சலில் கிளறிய சோறும் வறுத்த வேர்க்கடலையும். ஒரு தடவை நம்ம ஆச்சி வயசில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அது என்ன என்று ஜெர்மனில் கேட்டார். ஒரு கரண்டி கொடுத்தேன், கண்ணில் தண்ணீர் வந்தாலும் விடாமல் சாப்பிட்டார். அவர் அப்பா பள்ளிக்கூடத்தை ஜெர்மனில் தொடங்கிப் பிரெஞ்சில் முடித்தவராம், ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. 1871, 1918, 1940, 1944 என்று ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் நடுவே நாலு தடவை கைமாறிய ஊர் ஸ்ட்ராஸ்பர்க். இதையெல்லாம் அவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார், கீழே ஒரு படகு போனது. அன்றைக்கு ஒரு படம்கூட எடுக்கவில்லை.

எங்க அப்பா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார்: படம் அனுப்பினால் அதற்குக் கீழே எவ்வளவு ஆச்சு என்றும் எழுதணும். எழுதினேன். பிரஸ்ஸல்ஸ் கணக்கை எழுதத்தான் கை கூசியது. அந்தத் தெருப் பையனும் இப்படி எழுதினால் பாதிப் பேச்சு அடங்கிவிடும் என்று நினைக்கிறேன், அவன் எந்த ஊருக்குப் போவது என்று முடிவு பண்ணுவதும் கொஞ்சம் மாறும்.

பந்தியில் நான் சேவல் கதையை மட்டும்தான் சொன்னேன். பாயசம் வந்த பிறகு பெரியப்பா மெதுவாகக் கேட்டார்.

"அந்தச் சேவல் நெசமாவே கூவுமாட்டி?"

"மூணு தடவை பெரியப்பா."

"அப்ப அந்தப் பயகிட்ட சொல்லு, ஸ்டேட்டஸ்ல அதப் போடச் சொல்லு."