மகன் வராவிட்டாலும் பெற்றோர் ஆலோசனை பெறலாம்

"குடிக்கு அடிமையான மகன் வராமல் பெற்றோர் மட்டும் மனநல ஆலோசனைக்குப் போவது வீண்; குழம்பில் அவனறியாமல் மாத்திரை கலந்தால் போதும்" என்று கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தியின் இரண்டு பகுதிகளும் தவறானவை.

சிகிச்சைக்கு இணங்காதவரின் குடும்பத்தாருக்கென்றே 'கிராஃப்ட்' என்னும் பயிற்சிமுறை இருக்கிறது. குடிக்காத நேரத்தில் எப்படிப் பேசுவது, எந்தச் செலவை ஏற்க மறுப்பது, வீட்டில் வன்முறை வந்தால் என்ன செய்வது என்பவற்றைப் பெற்றோர் அதில் கற்கிறார்கள். மகன் மாறுவதற்கு முன்பே அவர்களுடைய மனச்சோர்வு குறையலாம் என்பதே, என் பார்வையில், அதன் பெரும் பயன். குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்கான அல்-அனான் என்னும் அமைப்பு 1951 முதல் இயங்குகிறது.

மாத்திரை கலப்பதோ அபாயகரமானது. குடியை நிறுத்தத் தரப்படும் டைசல்ஃபிராம் என்னும் மாத்திரையை உட்கொண்டவர் குடித்தால் உடலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருள் தேங்கி, இரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதால், நோயாளி முழுமையாக அறியாமல் அதைக் கொடுக்கவே கூடாது.

இவற்றை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் மனநலத் துறையிலோ, 24 மணி நேரமும் இயங்கும் அரசின் கட்டணமில்லா மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் தமிழிலோ கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். அச்செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே மாத்திரை கலந்து கொடுத்திருந்தால், தயங்காமல் மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.