காருக்கு ஐந்து ஆண்டு, அம்மாவுக்கு எட்டு வாரம்

போன வாரம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகச் சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சாருக்குக் கூட்டிப் போனேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மாவட்ட அலுவலகம் பக்கத்தில் வேலி போட்டு வைத்திருக்கிறார்களே, 1877-இல் நட்ட அந்தக் கிழட்டுக் கித்தா மரம், அதைக் காட்டினேன். நாட்டிலேயே மிகப் பழைய ரப்பர் மரம் என்று பெருமையாகச் சொன்னேன். அம்மா ஒரு சுற்றுப் பார்த்தார். "இதுல கோடு போட இடமே இல்லையே" என்றார். 27 வருஷம் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரப் பட்டையில் கோடு கீறிப் பால் எடுத்தவர். கண்புரை வந்தாலும் பார்வை அங்கேதான் போகிறது.

அந்த ஊரில் பிறந்தவர்தான் மலேசியாவின் முன்னாள் வாணிப அமைச்சர் டான்ஸ்ரீ ரபிடா அசிஸ். திரும்பி வரும் வழியெல்லாம் அவரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். பல நாளாக எழுத நினைத்தது, இன்று எழுதிவிடுகிறேன்.

1943-இல் பிறந்தவர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்து, அங்கேயே பாடம் நடத்தி, 1974-இல் நாடாளுமன்ற மேலவைக்குப் போனார். 1980-இல் பொது நிறுவனங்கள் அமைச்சர். 1982 முதல் 2013 வரை கோலகங்சார் எம்.பி. ஆனால் அவர் பேர் நிலைத்தது ஒரே நாற்காலியில்: 1987 முதல் 2008 வரை வாணிப அமைச்சர். 21 வருஷம்!

அதன் அருமை சும்மா சொன்னால் புரியாது. அந்த 21 வருஷத்தில் அமெரிக்கா தன் வாணிபப் பிரதிநிதியாக ஏழு பேரை உட்கார வைத்துப் பார்த்தது. இந்தப் பக்கம் அதே அம்மா. எதிரே புது ஆள் வந்து கோப்பைப் புரட்டும்போது, போன சுற்றில் யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், எந்த வரியை எதற்காகச் சேர்த்தார்கள் என்று இவருக்கு மனப்பாடமாக இருக்கும். உருகுவே சுற்று என்ற உலக வாணிபப் பேச்சு 1986-இல் தொடங்கி 1994-இல் மொராக்கோவின் மராகேஷில் கையெழுத்தானது. அதிலிருந்துதான் மறு வருஷம் உலக வாணிப நிறுவனம் பிறந்தது. இப்படி எட்டு வருஷம் இழுக்கும் வேலைக்கு ஞாபகசக்தியே பாதி பலம். மீதி பலம் வாய். அது அவருக்குக் குறைவே இல்லை. பட்டாசுக் கட்டு மாதிரிப் பேசுவார். நிருபர்கள் அவரிடம் கேள்வி கேட்கவே தயங்குவார்கள் என்பார்கள்.

தோட்டத்து ஆளுக்கு மராகேஷால் என்ன வந்தது என்று கேட்கலாம். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு ஃபேக்டரி பஸ். 1985-க்குப் பிறகு யென் விலை ஏறியதும் ஜப்பான் கம்பெனிகள் வெளிநாட்டில் இடம் தேடின. 1986-இல் நம் அரசாங்கம் முதலீட்டுச் சலுகைச் சட்டம் கொண்டுவந்து கதவைத் திறந்து வைத்திருந்தது. 1987-இல் பதவிக்கு வந்த ரபிடா அந்தக் கதவில் நின்று ஆள் பிடித்தார் என்றே சொல்லலாம். 1990-இல் எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வை முடித்த என் அக்கா, விடியக்காலை ஐந்து மணிக்குத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் முனையில் நின்று, ஜெலாப்பாங்கில் உள்ள எலக்ட்ரானிக் ஃபேக்டரிக்கு பஸ் ஏறினாள். அதே நேரத்தில் அம்மா பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போய்க்கொண்டிருப்பார். மழை பெய்தால் அம்மாவுக்குக் கூலி இல்லை, அக்காவுக்கு உண்டு. இந்த வித்தியாசத்தை எந்தப் பொருளியல் புத்தகமும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. இதில் ரபிடாவுக்கு எவ்வளவு பங்கு, யென்னுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இன்றுவரை இரண்டு மனமாக இருக்கும் ஒரு விஷயமும் உண்டு. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக வாணிப நிறுவனத்தின் முதல் அமைச்சர் மாநாடு நடந்தது. தொழிலாளர் உரிமைகளை வாணிபத்தோடு முடிச்சுப் போட வேண்டும் என்று பணக்கார நாடுகள் சில கேட்டன. மலேசியா கடுமையாக எதிர்த்தது. ஏழை நாட்டுச் சரக்கைத் தடுப்பதற்கு இது ஒரு சாக்கு என்பது வாதம். பொய்யில்லை, சாக்காகவும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் எங்கள் தோட்டத்தில் கூலி என்பது ரப்பர் விலையையும் மழையையும் பார்த்து ஏறி இறங்கும் சங்கதி. தீபகற்பத்துக்கு 900 வெள்ளி என்று குறைந்தபட்சச் சம்பளம் வர 2013 ஆயிற்று. வெளியார் யாரும் நமக்குச் சொல்லித் தர வேண்டாம் என்பது சரிதான். அப்படியென்றால் உள்ளே இருப்பவர்கள் கொஞ்சம் வேகமாகச் செய்திருக்கலாமே?

நான் உண்மையில் சொல்ல வந்தது இன்னொன்று.

வாணிபப் பேச்சு என்றால் வரியை ஏற்றுவது, இறக்குவது என்றுதான் நினைத்திருந்தேன். வருஷக்கணக்காகச் செய்தி படித்த பிறகுதான் விளங்கியது, அங்கே பேரம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் காலத்துக்கு. "சரி, திறக்கிறோம். ஆனால் இப்போது இல்லை." இந்த ஒரு வரியை நூறு விதமாகச் சொல்லத் தெரிந்தவர்தான் நல்ல வாணிப அமைச்சர். அந்தக் கலையில் ரபிடாவை மிஞ்ச ஆள் இல்லை. ஆசியான் நாடுகள் தங்களுக்குள் வரியைக் குறைத்துக்கொள்வதாக 1992-இல் கையெழுத்துப் போட்டன. நம் தேசியக் கார் கம்பெனி புரோட்டோனைக் காப்பாற்ற மலேசியா 2000-இல் கார்களை மட்டும் வரி குறைக்கும் பட்டியலில் சேர்க்காமல் 2005 வரை தள்ளிப்போட்டது. தாய்லாந்து கோபப்பட்டு நஷ்டஈடு கேட்டது. நம் ஆட்கள் அசையவில்லை. 2004-இல் இறக்குமதி வரியைக் குறைத்தார்கள். குறைத்த கையோடு, உள்நாட்டில் வசூலிக்கும் கலால் வரியை ஏற்றினார்கள்! கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 1985-இல் புரோட்டோனின் முதல் கார் சாகா வெளிவந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால், அந்தக் கம்பெனிக்கு இருபது வருஷம் நிழல்.

அந்த நிழலுக்கு நாங்களும் தவணை கட்டினோம். அக்கா 1996-இல் வாங்கிய சாகா, செகண்ட் ஹேண்ட்.

இப்போது எங்கள் கதை. 1998-இல் தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை போடப் போகிறார்கள், ஒரு பக்கம் வீடமைப்புத் திட்டமாம் என்றார்கள். ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்த ஆளுக்குச் சட்டப்படி எட்டு வார நோட்டீஸ், வருஷத்துக்கு 20 நாள் கூலி. அம்மாவுக்கு அந்த எட்டு வாரம் கிடைத்தது. நிர்வாகம் சட்டத்தை மீறவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் லயத்து வீடு போனது, பின்னால் இருந்த மாட்டுக் கொட்டகை போனது, அம்மா நட்ட முருங்கை போனது. இரண்டு வருஷம் கழித்து, மலிவு விலை வீட்டு வாசலில் உட்கார்ந்து, கார்களுக்கு ஐந்து வருஷம் அவகாசம் கிடைத்த செய்தியைப் பேப்பரில் படித்தேன். சிரிப்புத்தான் வந்தது.

இதை ரபிடாவின் தலையில் கட்டவில்லை. தொழிலாளர் விவகாரம் அவர் அமைச்சில் இல்லை. ரப்பரும் செம்பனையும்கூட மூலப்பொருள் அமைச்சின் கையில். காரும் காரைச் செய்யும் கம்பெனியும் அமைச்சரின் கதவைத் தட்ட முடியும், புள்ளிவிவரம் காட்ட முடியும். மரம் வெட்டுகிறவரிடம் என்ன இருக்கிறது, ஒரு வாளியும் உளியும். நமக்குக் காலம் வாங்க நினைத்தவர் என்று நான் சொல்லக்கூடியவர் எங்கள் ஊர்க்காரர், அந்நாளில் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன்தான். பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கும் தோட்டத் துண்டாடல் வந்தபோது, தொழிலாளர்களிடம் மாதம் பத்து வெள்ளி சேர்த்து, 1960-இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கித் தோட்டங்களை வாங்கினார். அது அவகாசம் கேட்பதைவிட ஒரு படி மேல். ஆனால் எல்லாத் தோட்டத்தையும் பத்து வெள்ளியால் வாங்க முடியுமா?

ரபிடாவின் கணக்கில் கறையும் உண்டு. 2005-இல் வெளிநாட்டுக் கார் கொண்டுவர அமைச்சு தரும் ஏ.பி. என்ற அனுமதி விவகாரம் வெடித்தது. பட்டியல் வெளிவந்தபோது, அனுமதிகளில் பெரும்பங்கு ஒரு சிலரோடு தொடர்புள்ள நிறுவனங்களுக்குப் போயிருந்தது தெரிந்தது. பூமிபுத்ரா, அதாவது மலாய்க்கார மற்றும் பூர்வகுடி வணிகர்கள் பலர் வளர வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாடு அது. அவர் தன் பக்கத்து நியாயத்தைச் சொன்னார். எனக்கு அது போதவில்லை. காலம் வாங்குவதில் இருக்கும் ஆபத்தும் இதுதான்: வாங்கிய காலத்தில் கம்பெனி வளர்ந்ததோ இல்லையோ, வாசலில் நின்றவர்கள் நன்றாக வளர்ந்தார்கள். 2017-இல் புரோட்டோனின் 49.9 விழுக்காடு பங்கு சீனாவின் ஜீலி கார் கம்பெனிக்குப் போனது.

2008 தேர்தலில் ஜெயித்தும் அமைச்சரவையில் இடம் கிடைக்கவில்லை. 2018-இல் தன் கட்சியை எதிர்த்து மேடையேறினார், கட்சியும் நீக்கியது. அந்த வயதில் அது சின்ன விஷயமில்லை.

இதையெல்லாம் காரில் அம்மாவிடம் சுருக்கமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாதி கேட்டிருப்பார்.

"அந்தம்மாவுக்கு இப்ப என்ன வயசு?"

"எண்பது தாண்டிடுச்சும்மா."

"என்னைவிடப் பெரியவங்க. இன்னும் பேசுறாங்களா?"

"பேசுறாங்க."

"பேசட்டும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் பழைய தோட்டத்து முச்சந்தி தாண்டும்போது, "சொட்டு மருந்து எத்தனை தடவை போடச் சொன்னாங்க?" என்று கேட்டார்.